வளைந்த காலும் ஒரு மனுவும்

முதலாவது அநியாயம்: உப்பளத்தில் தருவதாகச் சொன்ன சப்பாத்து வராதது. இரண்டாவது: அதற்காகப் போராடியவரையே செயலாளர் பதவியிலிருந்து தொழிற்சங்கம் கைதட்டி இறக்கியது. மூன்றாவது: அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மே தின மேடை உடைந்து விழுந்தது. நான்காவது: அவருடைய முழங்காலில் பாதியை மட்டும் மாற்றிய டொக்டர், அதையும் கோணலாகப் பொருத்தியது.

அந்த டொக்டரின் கிளினிக்கில், அவர் முன்னால் நின்றபடியே அன்ரனிப்பிள்ளை மனுவை வாசித்தார். வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லாரும் சாட்சி. விசேட சாட்சியாகக் கற்பிட்டியிலிருந்து பழைய தோழர் பதுர்தீனையும் கூட்டி வந்திருந்தார்.

‘குற்றவாளியின் பெயர்’ என்ற கடைசி வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அதைச் சாட்சிகள் முன்னால்தான் எழுதி, உரக்க வாசிக்க வேண்டும். நாற்பது வருடச் சங்க வழக்கம். எத்தனையோ முகாமையாளர்கள் அந்த வரிக்கு வியர்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் வேலை போனதில்லை.

“வெளிப்பக்கமா நோகுது. எக்ஸ்ரேயில அடிமட்டம் வைச்சுக் கோடு கீறிப் பார்த்தன், வளைவு அப்பிடியே இருக்கு! உங்களை இடம் மாத்தாமல் விடமாட்டன்.”

“வேணுமெண்டுதான் கொஞ்சம் விட்டன், ஐயா,” என்றார் டொக்டர் மபாஸா. “உங்களுக்குப் பிறவியிலயே வளைஞ்ச கால். உள்பக்கம் தேஞ்சிருந்திச்சு, அத மட்டும் மாத்தினன். முழுக்க நிமிர்த்தினா பாரம் வெளிப்பக்கம் ஏறி, நல்லா இருக்கிற பக்கமும் தேஞ்சிடும்.”

“நான் வாழ்நாள் முழுக்க நிமிர்ந்து நிண்டவன்!”

“வளைஞ்ச காலிலதானே நிண்டீங்க?”

டொக்டரின் பார்வை கீழே இறங்கியது. வலது செருப்பின் வெளிவிளிம்பில் தடித்த டயர்த் துண்டொன்று ஆணியால் அடிக்கப்பட்டிருந்தது.

“இது என்ன?”

“நீங்க விட்ட வளைவை நானே நிமிர்த்தினன்.”

“நோ எப்ப தொடங்கிச்சு?”

“நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை.”

“டயர் எப்ப அடிச்சது?”

அன்ரனிப்பிள்ளை மனுவைப் புரட்டத் தொடங்கினார். விசேட சாட்சி முந்திக்கொண்டார்.

“பெருநாளண்டு, டொக்டர். ஆணி பிடிச்சது நான்தான்.”

வரிசை சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை. குனிந்து, தன் கையாலேயே செருப்பைக் கழற்றினார்.

“நல்லகாலம், நேரத்தோட வந்தீங்க. இந்த டயரைக் கழட்டினா நோ போயிடும். மனுவைத் தாங்க ஐயா, கிழிச்சிடுவம்.”

“மனு மனுதான்.”

டொக்டரிடமே பேனை வாங்கி எழுதினார். ஒற்றைச் செருப்போடு சாட்சிகள் பக்கம் திரும்பி, உரக்க வாசித்தார்:

“குற்றவாளியின் பெயர்: சந்தியாப்பிள்ளை அன்ரனிப்பிள்ளை!”