அடுத்த வார மேயர்

க்ளீவ்லேண்டில் இப்போதெல்லாம் மேயர் தேர்தல் கிடையாது. வாரம் ஒருவரைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். இந்த வாரம் என் மனைவி இளவேனில்.

பக்கத்து வீட்டு மார்கரெட் தன் வாசல் பனியையெல்லாம் எங்கள் பக்கம் தள்ளுகிறாள் என்று மனு எழுதினேன்.

"ஆபீஸ் விஷயத்த வீட்ல பேசாதீங்க" என்றாள் இளவேனில். மறுநாள் மேயர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன்.

"பேரு?" என்று கேட்டார் மேயர்.

"விளையாடாத, இளவேனில்."

"சொந்த வீட்டு மனுவ நான் தொடக் கூடாதுங்க. அடுத்த வார மேயர்கிட்ட குடுங்க."

"அது யாரு?"

திரையைப் பார்த்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காலையிலதான் குலுக்கினாங்க. நம்ம மார்கரெட்."

மனுவைக் கிழித்துப் போட்டேன். மாலையில் சுடச்சுட மெதுவடையோடு மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே மேசையில் எனக்கு முன்பே ஆறு கேக்குகள் வந்து சேர்ந்திருந்தன.