இறக்கை கொடுத்தான், நாற்காலியை மறந்தான்

"ஏமாத்திட்டான்மா!" என்று நாவலை நூலகரின் மேசைமேல் வைத்தார் அந்த அம்மையார். உழைத்துக் காய்த்த கை. ஒளிவுமறைவு அறியாத குரல்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? பிழைக்க நாடு விட்டு நாடு வந்த குடும்பத்துல ஒரு பையன் வளர்ற கதை. ஊரே கொண்டாடுது!"

"சலவைக்கூடத்துல துணி தேய்க்கிற அம்மாவுக்கு இறக்கை முளைக்குதாம். ஜன்னல் வழியாப் பறந்து வந்து பிள்ளைக்கு ஊட்டிவிடுறாளாம்!"

"மாயக் கதைன்னா அப்படித்தானேக்கா?"

"பறக்கட்டும், வேணாங்கல. முந்நூறு பக்கத்துல அவளுக்கு ஒரு தடவைகூடக் கோபம் வரலையே! நிஜத்துல பத்து மணி நேரம் நின்னு கால் வீங்கினவ அவ. உட்கார நாற்காலி கேட்டா. 'பொம்பளைக்கு எதுக்கு நாற்காலி'ன்னான் முதலாளி. அத்தனை பெண்களையும் கூட்டிக்கிட்டு மூணு நாள் வாசலை மறிச்சு உட்கார்ந்தா. நாலாம் நாள் நாற்காலி வந்துச்சு. அதை எழுத இவனுக்குக் கை வரலையா?"

"அவர் எழுதாததெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது, அக்கா?"

"யார் சொல்லணும்? வாசல்ல உட்கார்ந்தவளே நான்தானே!"

நூலகர் எழுந்து தம் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். நின்றே உழைத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பயந்துக்கிட்டு எனக்கு ஒரு புத்தகம்கூடத் தரல, படவா. சாயங்காலம் சாப்பிட வருவான்ல, கேக்கிறேன்."

"அப்போ இதை அலமாரியில வெச்சிடவா?"

"ஐயோ, வேணாம்! இன்னும் ரெண்டு வாரம் என் பேர்லயே போடு. சலவைக்கூடத்துல நாலு பேர் இன்னும் படிக்கல. என்ன இருந்தாலும் எம்பிள்ளை எழுதினதாச்சே!"