ஆணி இரண்டு

சிவப்புப் புள்ளி எதிரியின் தலையைத் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது.

அதை அவன் இழுத்துக்கொண்டு வருவதற்குள் எதிரி சுட்டுவிட்டான். திரை சாம்பல் நிறமானது.

சம்பளம் தரும் கம்ப்யூட்டர் விளையாட்டு அணி ஒன்றுக்கான தேர்வாட்டம் தொடங்கியதிலிருந்து இதே கதைதான்.

விளையாட்டில் அவனுக்குப் பெயர் ஆணி. சுட்டால் ஆணி அடித்த மாதிரி இறங்கும் என்று பயிற்சிக்கூடத்தில் வைத்த பெயர். அந்த ஆணி இன்று கண்ட சுவரிலெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.

கை நடுங்குகிறதா என்று பார்த்தான். நடுங்கவில்லை. ஆரம்பத்தில் பழகிப் பார்க்கக் கொடுத்த நேரத்தில் மவுஸை மெதுவாக உருட்டிப் பார்த்திருந்தான். சொன்னபடி கேட்டது.

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் அவள் பெயர் ஆணி-2. அவன்தான் வைத்தான். அவளைக் கேட்கவில்லை.

அவளுக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். மருந்துக்கடையில் பில் போட்டுவிட்டு வருபவள், முதலில் மேசை துடைப்பது போல மவுஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் நின்று மாதக்கணக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தான். மவுஸுக்கு அடியில் போட்ட விரிப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பு; திரையில் இருக்கும் ஆள் சரியாகப் பின்பக்கம் திரும்ப வேண்டும். தாண்டினால் குறை, எட்டாவிட்டால் கூட்டு. கடைசியில் அவள் கைக்குச் சுகமாக உட்கார்ந்த வேகம் அச்சு அசல் அவனுடைய வேகம். அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னுடையதைப் போலவே ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்தான்.

அவள் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பயிற்சிக்கூட முதலாளி ஒரு நாள் எல்லோர் முன்னாலும், குருவை மிஞ்சிய சிஷ்யை என்று சொல்லிச் சிரித்தார். அவனும் சிரித்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது.

அணியில் இடம் ஒன்றே ஒன்று. கிடைத்தால் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். தேர்வுக்கு வந்த மற்றவர்கள் ஒப்புக்குச் சப்பாணிகள். அந்த இடத்துக்கும் அவனுக்கும் குறுக்கே இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவன் ஆள் மறுபடி உயிரோடு வந்தான். மூலையில் காலடிச் சத்தம். வெடுக்கென்று இழுத்தான். புள்ளி எகிறி எங்கோ ஒரு ஜன்னலுக்குப் போனது.

மெதுவாக நகர்த்தினால் ஒழுங்கு. வேகமாக இழுத்தால் எகிறல்.

அப்போதுதான் அவனுக்கு வியர்த்தது. இந்த எகிறலை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் அவள் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போன நேரத்தில், அவள் மவுஸின் நினைவகத்துக்குள் அவனே ஏற்றிவைத்தது இது. பழகிப் பார்க்கும்போது தெரியக்கூடாது, நிஜ ஆட்டத்தில் காலை வார வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. விளையாட்டுக்குள் போய் எந்த எண்ணை மாற்றினாலும் போகாது. மவுஸின் மென்பொருளைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

அவள் தோற்ற பிறகு சொல்ல ஆறுதலைக்கூட அவன் தயார் செய்து வைத்திருந்தான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், கை எங்கே ஓடிவிடப் போகிறது. நல்ல ஆறுதல்தான். இப்போது அவனுக்கே தேவைப்பட்டது.

இரண்டு மவுஸும் ஒரே மாதிரி இருப்பதால், கிளம்பிய அவசரத்தில் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். கெட்ட நேரம், வேறென்ன.

ஓரக்கண்ணால் பார்த்தான். அவனுடைய மவுஸில் அவள் கை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. புள்ளிப் பட்டியலின் உச்சியில் ஆணி-2. ஆணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கையைத் தூக்கி, மவுஸின் வேகம் சரியில்லை என்று சொல்லலாம். உடனே அதைத் திறந்து பார்ப்பார்கள். இது என்னுடையது இல்லை, அவளுடையது என்று சொல்ல வேண்டி வரும். அப்படியானால் அவளுடையதில் இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்பார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினது போல வாயை மூடிக்கொண்டு, சாவதும் பிழைப்பதுமாக அந்த ஆட்டத்தை முடித்தான்.

பின்னால் நின்ற தேர்வாளர்கள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவர் அவன் தோளருகே வந்து குனிந்தார்.

"என்ன சார், மவுஸ் ஏதும் மக்கர் பண்ணுதா?"

அவர் கேட்டதும்தான் அவனுக்குப் புத்தி வந்தது. பட்டன் சிக்குகிறது என்று ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். வேறு மவுஸ் கொடுத்துவிடுவார்கள், எதையும் திறந்து பார்க்க மாட்டார்கள். கடைசி ஆட்டத்தில் பிடித்துவிடலாம். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. வாயைத் திறந்தான்.

"அவரோடது நல்லாத்தான் இருக்குங்க," என்றாள் மனைவி. "காலையில ரெண்டையும் சொருகி, உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாத்துட்டுதான் யாருக்கு எதுன்னு எடுத்து வெச்சேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது.