ரெண்டு கையும் தெரியணும்

"போன் வேணாம் தம்பி. புதுசா வந்திருக்குன்னு வாசல்ல படம் ஒட்டியிருக்கீகளே, அந்தப் பெரிய திரை வெச்ச டேப்பைக் காட்டு."

அய்யம்மாள் இப்படிச் சொன்னதும் மருமகள் தீபாவின் முகம் சுருங்கிப்போனது. அதுவரை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த புதுப் போனை மெல்லக் கீழே வைத்தாள்.

"அத்தை, அவுக எனக்குப் போன் வாங்கத்தானே திருப்பூர்ல இருந்து பணம் அனுப்புனாக?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ செத்த சும்மா இரு."

போன், டிவி, பிரிட்ஜ் எல்லாம் விற்கிற அந்தக் கடையின் விற்பனையாளன் நாசர் இரண்டு பேரையும் பார்த்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடை என்பதால், மாமியார் ரகங்கள் அத்தனையும் தனக்கு அத்துப்படி என்பது அவன் நினைப்பு. மருமகள் கையில் இருந்த பழைய போனில் திரை முழுக்க விரிசல். அதை மாற்றித் தர மனசில்லாமல், மகன் பணத்தில் இந்தம்மாவுக்கு டேப் கேட்கிறதாக்கும் என்று உள்ளுக்குள் பொருமினான்.

புது மாடல் விற்றால் அவனுக்குத் தனியாகக் கமிஷன் உண்டு. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அம்மா, இது இப்பத்தான் வந்திருக்கு. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா விலை இறங்கும். இன்னைக்கு அக்காவுக்குப் போன் எடுங்களேன், பாவம், திரையே உடைஞ்சு கெடக்கு."

"உன்கிட்ட நான் யோசனையா கேட்டேன்? டேப்பை எடுப்பா."

"அப்ப போன வருஷத்து மாடலைப் பாருங்க. விலையும் கம்மி."

அய்யம்மாள் அதை மேஜைமேல் நிறுத்தச் சொன்னாள். தன் உருவம் திரையில் தெரிகிற மாதிரி கேமராவைப் போடச் சொன்னாள். பிறகு நாலடி பின்னால் போய், இரண்டு கைகளையும் விரித்து, விரல்களை மடக்கி, நீட்டி, ஆட்டிக் காட்டினாள். பிரிட்ஜ் பார்க்க வந்திருந்தவர்கள் பிரிட்ஜை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள்.

"இதுல கை பாதி வெளிய போயிருது. அந்தப் புதுசை வை."

நாசர் வேண்டாவெறுப்பாகப் புது டேப்பை எடுத்தான். "இதுல நாலு ஸ்பீக்கர்மா. பாட்டுச் சத்தம் சும்மா..."

"சத்தம் கெடக்கட்டும். யாரும் பிடிக்காமத் தானா நிக்குமா?"

கவரைப் பின்பக்கம் மடித்து நிறுத்தினான். மறுபடியும் கை விரிப்பு, விரல் ஆட்டம்.

"இப்ப ரெண்டு கையும் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"மூஞ்சியும் சேர்ந்து தெரியுதா? வேகமா ஆட்டுனா கலங்கலையே?"

"கலங்கலைம்மா. ரீல்ஸ் போடப் போறீங்களா?"

பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்க போயிரலாம் அத்தை. எல்லாரும் சிரிக்கிறாக. எனக்குப் போனும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சிரிக்கட்டும், அவுக வீட்டுப் பல்லுதானே. நீ பில்லைப் போடு தம்பி."

பில் போட்டாயிற்று. அய்யம்மாள் கேட்டபடி, தீபாவின் நம்பரிலேயே வீடியோ கால் போகிற மாதிரி நாசர் டேப்பைச் சரிசெய்து கொடுத்தான்.

"ம், உங்கம்மாவைக் கூப்பிடு" என்றாள் அய்யம்மாள்.

தீபா புரியாமல் கூப்பிட்டாள். திரையில் ஒரு அம்மாள் தெரிந்தாள். மகளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் 'ஹலோ' சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் என்னவோ கேட்டாள்.

தீபா பழக்க தோஷத்தில் இடது கையால் டேப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மட்டும் தூக்கினாள்.

அந்த இடது கையில் செல்லமாக ஒரு அடி விழுந்தது.

"விடுத்தா. அது தானா நிக்கும். உங்கம்மாவுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. அங்கன உங்கப்பாரு போனைப் பிடிச்சுக்கிறாரு. இங்கன உனக்கு யாரு இருக்கா? போனைச் சொம்புல சாத்தி வெச்சாலும் சறுக்குது. ஒரு கையில போனும் ஒத்தக் கையில பேச்சுமா நீ தவிக்கிறதை நானும் தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதுல சரியாத் தெரியாமப் போனா ஏங்கிப் போவியேன்னுதான் முன்னாடியே சொல்லலை. இனிமே ரெண்டு கையாலயும் வாய் நிறையப் பேசு தாயி."

விடுபட்ட அந்த இரண்டு கைகளும் முதலில் கூப்பியது அத்தையைப் பார்த்துத்தான்.