கண்ணாடிக்கு வந்த யோகம்

"கண்ணாடிதான் வேணும், மாஸ்டர்."

நாடி என்னும் தீவு நகரத்தில் உள்ள அந்தப் பள்ளியில், தலைமையாசிரியர் மகேந்திராவிடம் கண்ணாடிச் சாமான் கேட்கவே கூடாது என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். வேதியியல் டீச்சர் ஷலேஷ்னி கேட்டே விட்டாள்.

"ஆட்சியே கவுந்து கெடக்கு, கண்ணாடி கேக்குது! கரும்புக்காட்டுலேருந்து வந்த மொத டிகிரிங்கிற திமிரா? எல்லாம் பிளாஸ்டிக்ல வாங்கு."

"அளக்கிறதுக்குப் பிளாஸ்டிக் போதும். அடுப்புல வைக்கிற பீக்கர் மட்டும் கண்ணாடி. போன வருஷம் பிளாஸ்டிக் உருகி ஒரு பொண்ணு கை வெந்துச்சே, மறந்துட்டீங்களா?"

"கண்ணாடி கப்பல்லயே ஒடைஞ்சிடும்."

"ஒடையாது. மரப்பெட்டியில ஸ்பாஞ்சு வச்சு அனுப்புவாங்க."

மகேந்திரா நிமிர்ந்தார். "கெட்டியான பெட்டியா?"

"ஆள் ஏறி நிக்கலாம்."

"அப்ப அளக்கிறதும் கண்ணாடியிலயே வாங்கு!"

அவள் நீட்டிய ஆர்டரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சண்டைக்கு வந்த ஷலேஷ்னிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் மேல் இவ்வளவு பாசமா!

"பேட்டி," என்று மகளை அழைப்பதுபோல் இந்தியில் குழைந்தார். "சாமான் வந்ததும் பெட்டிங்கள எல்லாம் என் வீட்டுக்கு அனுப்பிடு. எங்களுக்கு விசா வந்திடுச்சு. வீட்டுக்காரியோட பீங்கான் செட்டு பிரிஸ்பேன் போவணும். ஊரே கெளம்புது, நல்ல பெட்டி ஒண்ணு கெடைக்கல."

கலங்கிய கண் சட்டென்று காய்ந்தது. ஷலேஷ்னி ஆர்டரை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பீக்கர் வர்ற ஒரு பெட்டி, லேபுக்கு அலமாரியாயிடும். மிச்சமெல்லாம் நான் எழுதின மாதிரி பிளாஸ்டிக்தான், மாஸ்டர். அது சாக்குல வரும். சாக்கு வேணும்னா அனுப்பறேன்."

பதிலுக்கு நிற்காமல் வெளியே நடந்தாள்.