மூடி மாறிய தட்டுகள்

"அண்ணே, வண்டியை எடுக்காதீங்க. எல்லாக் கன்னையும் கீழ இறக்குங்க."

லாரி டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூவாயிரம் பைன் கன்றுகளை விடியற்காலையிலிருந்து ஏற்றி, கயிறு கட்டி, அப்போதுதான் அப்பாடா என்று டீயோடு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"என்னம்மா விளையாடறே? நாளைக்குக் காலையில கன்னு நடற விழா. மலையில ஊரே குழி வெட்டிட்டுக் காத்துக்கிட்டிருக்கு."

"தெரியும்ணே. எங்க அப்பாவும் அதுல ஒருத்தர்."

பெஞ்சின் மேலிருந்த லாரிச் சாவியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூட இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு இந்தப் பொண்ணு" என்று டிரைவர் முணுமுணுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எதையும் மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். அப்பேர்ப்பட்டவளே கோட்டை விட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். மலையில் ஒரு நோய் வந்து பைன் மரங்களையெல்லாம் காய வைத்துவிட்டது. ஒரே ஒரு மரம் மட்டும் தப்பித்தது. அதன் பச்சைக் காயைப் பிளந்து, பிஞ்சு விதைக்குள் இருக்கும் கருவை எடுத்து, கண்ணாடித் தட்டில் சத்துக் கூழின் மேல் வைத்தால் ஒன்று நூறாகப் பெருகும். நூறும் கன்றாகும். நோய்க்கு அசராத கன்று.

ஒப்பிட்டுப் பார்க்க, சாதா மரத்து விதையிலும் சில தட்டுகள் உண்டு. எல்லாத் தட்டிலும் விதையைத் தன் கையாலேயே வைத்துக் கொடுத்தவர் இயக்குநர். வளர்த்து ஆளாக்கியவள் இவள்.

அவள் கதவைத் திறந்தபோது, மறுநாள் விழாவில் பேச வேண்டியதை அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், கன்னுங்க போகக் கூடாது. நான் மூடியில பேர் எழுதிட்டேன் சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

வெளியாளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கோ தலை போகிற தப்பு. எந்த மரம் என்று தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். மூடி கழலும், வேறு தட்டுக்குப் போகும். சேர்ந்த முதல் நாளே தலையில் அடித்துச் சொல்வது அது.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னாடி சார். வேலைக்குச் சேர்ந்த புதுசு. மூடியில தண்ணி கோத்திருந்துச்சுன்னு ரெண்டு மரத்துத் தட்டையும் ஒண்ணாத் திறந்து துடைச்சேன். விழாவுல மாட்டறதுக்குப் பழைய போட்டோ தேடினப்போ இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது. நான் துடைக்கிற போட்டோ அது. மூடியெல்லாம் ஒரே குவியலாக் கிடக்கு. எது எதுமேல போச்சோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

கையில் கசங்கியிருந்த ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்தாள். வைத்ததுமே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எங்க தோப்பு முழுக்கக் காய்ஞ்சு போச்சு சார். எங்க அப்பா இருக்கிற நிலத்துல எல்லாம் குழி வெட்டி வெச்சிருக்கார். 'இந்தக் கன்னு சாகாதுப்பா'ன்னு நான்தான் சத்தியம் பண்ணினேன். இது சாதா மரத்துக் கன்னா இருந்தா அஞ்சே வருஷத்துல மறுபடியும் காய்ஞ்சிடும். அவர் தாங்க மாட்டார் சார்."

கிழித்துத் தோரணம் கட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கிழித்தது கடிதத்தை. நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல குடிம்மா."

இந்த மனுஷனையா சிடுமூஞ்சி என்று இத்தனை நாள் கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இவ்வளவு நேர்மையா வந்து சொன்னியே, அதுவே பெரிசு. நீ பயப்படற மாதிரி ஒண்ணும் ஆகல. மூடி மாறினதால ஒரு கன்னு கூட மாறல."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"நிஜமாவா சார்? நீங்க சோதனை பண்ணிப் பார்த்துட்டீங்களா?"

"அதெல்லாம் தேவையே இல்லை. எனக்குத் தெரியும்."

"அப்போ லாரியில இருக்கிறது எல்லாமே தப்பிச்ச மரத்துக் கன்னுதானே சார்?"

இயக்குநர் கையை நீட்டி அவளிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"அந்த மரத்து விதை ஒண்ணு கூட வளரலைம்மா" என்றார் சாந்தமாக. "எல்லாத் தட்டுலயும் நான் வெச்சுக் கொடுத்தது சாதா மரத்து விதைதான்."