ஏழாவது நிமிடம்

அன்று செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா என்பது சரியாக நினைவில் இல்லை. எடிட்டிங் அறைக்குள் மேஜர் நுழைந்தபோது எடிட்டர் எழுந்து நிற்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். மூன்று வருடங்களில் அதுதான் முதல் தடவை.

"உக்காருங்க சார்" என்றவள், டீயை அவருடைய இடது முழங்கை அருகே வைத்தாள்.

போரில் இரண்டு பதக்கம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு காட்டைக் காப்பாற்றக் கிளம்பி, டிவியில் 'கழுகுக் கண் மேஜர்' ஆனவர். இப்போது தேர்தலில் நிற்கிறார். ஓட்டுப்பதிவுக்கு இன்னும் பதினோரு நாள்.

காட்டின் நடுவே நெடுஞ்சாலை வரக் கூடாது என்பது அவருடைய பேச்சு. அங்கே சிறுத்தையே கிடையாது, அப்புறம் என்ன காடு என்பது எதிர்க்கட்சியின் பதில். இந்த நேரம் பார்த்துத்தான் சிறுத்தை வந்து சேர்ந்திருக்கிறது.

ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டு, மேஜர் தனியாகப் பேசி எடுத்த காட்சி. ஏழாவது நிமிடத்தில் புதரை விலக்கிக்கொண்டு அது வருகிறது. அவருக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளி உட்காருகிறது, தன் காலை நக்குகிறது, போய்விடுகிறது. மேஜருக்குக் குரல்கூடப் பிசகவில்லை.

எடிட்டர் அதை முப்பது தடவை பார்த்துவிட்டாள். எந்த மனிதனும் அப்படி நிற்க மாட்டான், அது பழக்கிய மிருகமாக இருந்தாலொழிய.

காட்சி அசல்தான் என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஒளிபரப்பு. இதே நாற்காலியில் முன்பு இருந்தவர், கூண்டு மானைக் காட்டு மான் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். இன்று கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"போன வாரம் அனுப்பின கார்டைப் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"எங்கம்மா நேரம்? கேமராவிலேர்ந்து கழட்டி அப்படியே குடுத்தனுப்பிட்டேன். காலையில எழுந்தா ராத்திரி வரைக்கும் கும்பிடு போட்டே கை ஒடியுது."

நல்ல தயாரிப்போடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏழாவது நிமிஷத்துல நீங்க ஒரு இஞ்ச்கூட நகரலையே?"

"இருபது வருஷம் பட்டாளம். நகராம நிக்கிறதுக்குத்தானே சம்பளமே குடுத்தாங்க."

"வேற யாரா இருந்தாலும் ஓடியே போயிருப்பாங்க."

"பேச்சு அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" மேஜர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பதில் சொல்லாமல் அவரையே பார்த்தாள். மௌனம் நீண்டால் பொய் சொல்கிறவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

மேஜர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, இங்க டீ எதுவும் கிடைக்காதா?"

ஆடை படிந்து ஆறிப்போயிருந்த டீயைப் பார்த்தாள். என்ன நக்கல்! முகம் சிவந்துவிட்டது.

"சார், நேராவே கேக்கறேன். எந்த ஜூவுலேர்ந்து கொண்டு வந்தீங்க?"

"எதை?"

"தயவு செஞ்சு நடிக்காதீங்க. உங்களை நம்பித்தான் என் பொண்ணு காட்டைப் பத்திப் படிக்கப் போயிருக்கா. நான் கையெழுத்துப் போட்டு நாளைக்கு விஷயம் வெளிய வந்தா எனக்கு வேலை போகும், அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மேஜரின் சிரிப்பு நின்றது. "நீ என்ன சொல்றேன்னு எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. போடு, பாப்போம்."

அவள் போட்டாள். திரையில் மேஜர் பேசிக்கொண்டிருந்தார். புதர் அசைந்தது. சிறுத்தை வந்து உட்கார்ந்ததும் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

மேஜர் எழுந்து திரைக்கு மிக அருகே போனார். முகத்தை ஒருக்களித்துத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். தனக்கும் சிறுத்தைக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் திரையில் விரலால் அளந்தார். எடிட்டர் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

அன்றே அவள் கையெழுத்துப் போட்டாள். நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. நெடுஞ்சாலை காட்டைச் சுற்றிப் போனது. மேஜர் ஜெயித்தார், ஒரே ஒரு தடவை பதவியில் இருந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எடிட்டர் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். அவளுடைய மகள் அந்தக் காட்டிலேயே அதிகாரியாகிவிட்டாள்.

ஆனால் அந்த அறையில், அந்தத் திரைக்கு முன்னால் நின்று மேஜர் கேட்டது இதுதான்.

"குண்டு பட்டதுலேர்ந்து எனக்கு இடது கண்ணு தெரியாதும்மா... இது எவ்வளவு நேரம் என் பக்கத்துல உக்காந்திருந்துச்சு?"